போர்வையை வாங்க யாரும் வரவில்லை

ஜூலை 23

இந்த டைரி ஒரு தண்டனை.

போன பருவத்தின் கடைசி நாளில் அறிவியல் ஆய்வகத்து ஹீட்டருக்குப் பின்னால் ஒரு கட்டிப் பெருங்காயம் வைத்தேன். எங்கள் வீட்டில் அது வாசனை. இந்த ஊர் மூக்குக்கு அது எரிவாயுக் கசிவு. பள்ளிக்கூடமே மைதானத்தில் வரிசையாக நின்றது. தீயணைப்பு வண்டி வந்தது. சாம்பார் ஞாபகத்தில் எனக்கு மட்டும் பசித்தது.

தலைமையாசிரியையின் தீர்ப்பு: இந்தப் பருவம் முடிகிறவரை நாட்குறிப்பு எழுத வேண்டும், "நன்றாக யோசித்து". வெள்ளிக்கிழமைதோறும் காட்ட வேண்டும். இன்னொரு குறும்பு செய்தால் இரண்டு வாரம் பள்ளிப்பக்கம் வரக்கூடாது. எந்த மொழியில் எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே தமிழ். ஹாலோவே கிராஸிங் என்கிற இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அம்மா ஊர் ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டர். அவளுக்கு அவள் கையெழுத்தையே படிக்க நேரமில்லை. அப்பா தானியக் கிடங்கில் லாரிகளை வரிசைப்படுத்துகிறார். எந்தப் புத்தகமானாலும் இரண்டாம் பக்கத்தில் குறட்டை. மூன்றாவது ஆள் நான். தம்பி கபிலனுக்கு ஒன்பது வயது. தமிழ் பேசுவான். எழுத்தைக் காட்டினால் "நல்லாருக்கு, யார் வரைஞ்சது?" என்பான்.

நான் இளவெயினி, பதினைந்து வயது. தென்காசியிலிருந்து இங்கே வந்து இரண்டு வருடம் நான்கு மாதம். பள்ளியில் என் பெயர் வினி. முழுப்பெயரை முயன்றார்கள், பாதியில் மூச்சு வாங்கியது.

ஜூலை 26

தலைமையாசிரியை பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். மிக அழகான எழுத்து என்றார். டைரி தலைகீழாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன், தண்டனைப்படி.

ஜூலை 29

இங்கே ஜூலைதான் குளிர்காலம், உறைபனி. காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுவது என் வேலை. இட்லி மாவைப் புளிக்கவைப்பது அப்பாவின் வேலை. குளிரில் மாவு பொங்க மறுக்கிறது என்று பாத்திரத்தைச் சாம்பல் நிறக் கம்பளிப் போர்வையில் சுற்றி, வெந்நீர்ப் பையை அணைத்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நலம் விசாரிக்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இவ்வளவு செய்யவில்லை.

பள்ளிப் பேருந்தில் என் பக்கத்து இருக்கை டாலியாவுடையது. விராட்ஜுரிப் பெண். இந்த மண்ணின் ஆட்கள் அவர்கள்தான். நான் வந்த முதல் வாரத்தில் என்னிடம் தானாக வந்து பேசிய ஒரே ஆள் அவள். அவளுடைய அத்தை நோர்மாதான் பேருந்தை ஓட்டுகிறார். எங்களைப் போலவே அவர்களுக்கும் பெரியவர்கள் எல்லோரும் ஆன்ட்டி, அங்கிள். மற்றவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் கூசும் அம்மாவுக்கு அதைக் கேட்டதும்தான் இந்த ஊரில் மூச்சு வந்தது.

ஆன்ட்டி நோர்மா ஹாரன் அடிக்க மாட்டார். சாயங்காலம் கதவில் சாய்ந்து இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில்: கீழே ஒன்று, மேலே இரண்டு, கடைசியில் ஒரு இழுப்பு. மைதானத்தின் எந்த மூலையில் இருந்தாலும் குட்டிப் பிள்ளைகள் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஏறிவிடுவார்கள். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

ஒரு குறிப்பு: டாலியா பேசுவது இங்கிலீஷ். இந்த டைரியில் அவள் தென்காசித் தமிழ் பேசுவாள். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 1

ஊருக்கு இருநூறு வயதாகிறது. எப்ரைம் ஹாலோவே என்ற முதல் குடியேறி ஆற்றைக் கடந்து வந்ததற்குச் செப்டம்பர் 20 விழா. வீட்டில் சொன்னேன். குடி ஏறினவனுக்கெல்லாமா விழா எடுக்காவ, என்றார் அப்பா.

பள்ளி சார்பில் நாடகம். வருடா வருடம் போடுவதுதான், இந்த வருடம் பெரிசாக. ஹாலோவே ஆடுகளோடு வருகிறார். கரையில் பூர்வகுடிகள் சிரித்தபடி காத்திருக்கிறார்கள். அவர் ஒரு போர்வை தருகிறார். அவர்கள் பூரித்துப்போய், நிலத்தைக் காட்டி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை விரிக்கிறார்கள். பாட்டு. திரை.

நாடக ஆசிரியர் மிஸ்டர் ப்ரூவர். மெல்போர்ன்காரர், நல்ல மனுஷன், எப்போதும் தும்மல். அவர் என்னைக் கூப்பிட்டு, உன் முகம் மேடை வெளிச்சத்துக்கு மிகவும் பொருத்தமானது என்றார். வகுப்பில் இருபத்தாறு முகம். மேடை வெளிச்சத்துக்குப் பொருத்தமானவை இரண்டுதான்: என்னுடையது, டாலியாவுடையது. டாலியாவிடம் முதலில் கேட்டிருக்கிறார். கேள்வி முடியும் முன்பே அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

போர்வை எவ்வளவு பெரிசு சார், ஊர் அளவுக்கா என்று கேட்டேன். தும்மினார். இங்கத்து வழக்கப்படி தினமும் காலையில் மைக்கில் "இந்த நிலத்துக்கு உரியவர்களை வணங்குகிறோம்" என்று வாசிப்பவரும் அவர்தான்.

ஒத்திகை கணக்கு வகுப்பு நேரத்தில். சரி என்றுவிட்டேன்.

டாலியா என்னைப் பார்த்தாள். கணக்கு அவளுக்கும் பிடிக்காது, பொறாமையாக இருக்கும்.

ஆகஸ்ட் 2

பொறாமை இல்லையாம்.

பேருந்தில் ஏறியதும் சிரிச்சிக் காட்டு என்றாள். எதுக்கு என்றேன். "அந்தச் சிரிப்பைத்தான் கேக்கேன். எங்க ஆளுவ கரையில நின்னு சிரிச்சாவளாமே, அந்தச் சிரிப்பு."

பிறகு சொன்னாள். சொல்லச் சொல்ல எனக்கு வாய் மூடவில்லை.

ஹாலோவே ஆறு ஆட்களோடும் நானூறு ஆடுகளோடும் வந்து ஆற்றங்கரையில் குடிசை போட்டான். அந்தக் கரை முழுக்க டாலியாவின் ஆட்கள் தோண்டித் தின்கிற கிழங்கு. ஆடுகள் ஒரே மாதத்தில் அதை வேரோடு தின்று தீர்த்தன. போய்ச் சொல்லிப் பார்த்தார்கள். துப்பாக்கியைக் காட்டினான்.

டாலியாவின் முன்னோர் ஒருவர் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மாதம் ஒரே ஒரு வேலை செய்தார்: ஹாலோவே தன் நாய்க்கு அடிக்கிற விசிலைக் கேட்டுப் பழகினார். ஒரு பனிமூட்டக் காலையில் எதிர்ப் பாறையில் நான்கு பேர் நின்று கத்திக் கூத்தடித்தார்கள். ஆறு துப்பாக்கியும் அந்தப் பக்கம் ஓடியது. இந்தப் பக்கம் இவர் விசில் அடித்தார். ஹாலோவேயின் நாயே நானூறு ஆட்டையும் பத்திக்கொண்டு வந்து இவர் காலடியில் ஒப்படைத்துவிட்டு வாலாட்டியதாம்.

ஆடுகள் மலைக்குப் பின்னால் ஒரு முட்டுச் சந்துப் பள்ளத்தில், கிளைகளால் வேலி போட்டு. குளிர்காலம் முழுக்க விருந்து. அதன் பிறகு பதினான்கு மாதம் வெள்ளைக்காரன் எவனும் ஆற்றின் இந்தப் பக்கம் நிம்மதியாகப் படுக்கவில்லை.

"அந்த விசிலு?" என்றேன்.

டாலியா கண்ணால் முன்பக்கம் காட்டினாள். ஸ்டியரிங்கில் ஆன்ட்டி நோர்மா.

நான் ஒரு பெருங்காயக் கட்டிக்குப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிகிறேன்.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு என்னவென்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது அங்கன போய்ச் சொல்லுதது, என்றாள். அங்கன என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆடு கதையே மண்டை முழுக்க ஆடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 9

யோசனை வந்துவிட்டது. டாலியாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும். அவளுக்கான பரிசு. சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 12

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். பாறை, கூத்து, நாய், விசில் எல்லாம் இருக்கிறது. வசனத்தைப் படித்து நானே சிரித்தேன். கபிலன் எட்டிப் பார்த்து, இங்கிலீஷ் டைரி எப்போ வாங்கின என்றான்.

ஆகஸ்ட் 13

பழைய நாடகப் பிரதிகளை எடுத்துவிட்டு என் பிரதிகள் இருபத்தேழையும் அதே இடத்தில் வைத்தேன். மிஸ்டர் ப்ரூவர் ஒவ்வொருவருக்கும் விநியோகித்து, வாசிக்கச் சொன்னார். மூன்றாம் பக்கத்தில்தான் அவருக்குத் தட்டியது. அதற்குள் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. ஹாலோவேயாக நடிப்பவன் ஆலிவர் ஹாலோவே, நிஜமாகவே அந்த வம்சம். அவன் நாயாகவும் குரைத்தான். விசில் இடம் வந்தது. எவனோ அடித்தான். இன்னொருவன் அடித்தான். கடைசியில் ஒரு டஜன் பேர் மேசை தட்டிக்கொண்டு கன்னாபின்னாவென்று அடித்தார்கள்.

நான் டாலியாவைத் தேடினேன், கைதட்டுவாள் என்று. அவள் நாற்காலி காலி.

தலைமையாசிரியையிடம் மிஸ்டர் ப்ரூவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. யார் எழுதினது என்று தனக்குத் தெரியாது என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆகஸ்ட் 14

டாலியா பேருந்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். அங்கேதான் வெயில் வரும். குளிருக்கு நல்லது.

ஆகஸ்ட் 15

இன்றும் வெயில் தேவைப்பட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 16

மழை. முன்னிருக்கை.

மதியம் அவள் ஆப்பிள் சாப்பிட்டாள். ஆரஞ்சு கொண்டுவந்தால் பாதி எனக்கு வரும். ஆப்பிளைப் பிரிக்க முடியாதில்லையா.

ஆகஸ்ட் 19

ஜன்னலோரம் எனக்குத்தான், இரண்டு இருக்கையும் எனக்குத்தான், பை வைக்க நல்ல வசதி. அந்த வசதி போதும் என்று இன்று இறங்கும்போது அவள் வழியை மறித்தேன். உனக்காகத்தானே எழுதினேன், எல்லாரும் சிரிச்சாங்களே என்றேன்.

"எங்க வீட்டு விசிலை வச்சிச் சிரிச்சாவ" என்றாள் டாலியா. "அது எங்க தாத்தாவுக்குத் தாத்தாவோட மூச்சு. நான் உனக்குச் சொன்னேன். கொடுக்கல."

நான் ஏதோ ஆரம்பித்தேன்.

"ஹாலோவேயும் கேக்காமத்தான் எடுத்தான்" என்றுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

கபிலன் கேட்டான், ஏன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாய் என்று.

ஆகஸ்ட் 20

சாப்பாடு இறங்கவில்லை. இட்லி கல் மாதிரி இருந்ததால். அப்பா சொல்கிறார், பஞ்சு மாதிரி இருந்ததாம்.

ஆகஸ்ட் 22

இருபத்தேழு பிரதிகளையும் திரும்ப வாங்குவது என்று முடிவு. குப்பைத்தொட்டியிலிருந்து நான்கு. கால்பந்துக்காரன் ஒருவனிடமிருந்து ராக்கெட் வடிவில் இரண்டு. மிஸ்டர் ப்ரூவர் தன்னுடையதைத் தானே தந்தார், மூக்குச் சளியோடு.

கடைசி ஒன்று ஆலிவரிடம். அவன் உடனே தரவில்லை. இதெல்லாம் நிஜமா என்று வீட்டில் போய்த் தேடினேன் என்றான். எப்ரைம் ஹாலோவேயின் டைரி அவர்கள் வீட்டில் இருக்கிறது. அலமாரியில், கண்ணாடிக்குள். பரம்பரையில் யாரும் திறந்து படித்ததில்லை. அவன் திறந்து, ஃபோனில் படம் எடுத்து வந்திருக்கிறான். பனிமூட்டம் என்று எழுதிய ஒரு நாளில் ஒரே வரி: "ஆடுகள் இல்லை. நாயும் இல்லை."

பதினான்கு மாதம் கழித்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பக்கத்தைத் தள்ளிக் காட்டினான். பதினொரு நாளுக்கு ஒன்றுமே இல்லை. பன்னிரண்டாம் நாள், வேலி போடும் வேலை தொடங்கியது என்று இருந்தது.

ஆலிவர் இன்று குரைக்கவில்லை.

ஆகஸ்ட் 24

சனிக்கிழமை. ஆன்ட்டி நோர்மா வீட்டுக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார். அடுத்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று காலையிலேயே முறுக்குப் பிழிந்தார். எதற்குப் போகிறோம் என்று காரில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ரொம்ப தூரம் ஓட்டிவிட்டு, வசனமெல்லாம் நல்லா வந்துச்சாட்டி என்று கேட்டார். ஆமாம்பா என்றேன். அதான் வெனையே, என்றார்.

ஆன்ட்டி நோர்மா பேருந்துக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கால்தான் தெரிந்தது. காலிடம் சொன்னேன்: இருபத்தேழும் இருக்கு ஆன்ட்டி, எரிச்சாலும் சரி, கிழிச்சாலும் சரி.

ஒரு கை வந்தது. பிரதி ஒன்றைக் கொடுத்தேன். கை உள்ளே போனது. அடியிலேயே படிக்கிறார். பத்து நிமிடம். நடுவில் ஒரு சின்னச் சத்தம். இருமலா சிரிப்பா தெரியவில்லை.

வெளியே வந்து முறுக்கைக் கடித்தார்.

"நாய் வர்ற இடம் சரியா எழுதிருக்க" என்றார். "பாறை தப்பு. நாலு பேரில்ல, ரெண்டு பேரு. அதுல ஒருத்தி பொம்பள."

இது என் ஒருத்தியின் கதை இல்லை, மேடையில் போடலாம் என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது, வேண்டாம் என்று தனியாகச் சொல்லவும் முடியாது, குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்றார். டாலியா கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை. முறுக்குத் தட்டில் மட்டும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

செப்டம்பர் 1

குடும்பம் கூடியது. எங்களையும் கூப்பிட்டார்கள். பதினெட்டுப் பேர், ஒரு இறைச்சி சுடும் அடுப்பு, ஐந்து மணி நேரம். யாரும் ஓட்டெடுக்கவில்லை. யாரும் கூட்டத்தைத் தொடங்கி வைக்கவுமில்லை. ஒருவர் பேசி முடித்தால் அடுத்தவர் உடனே ஆரம்பிப்பதில்லை. கொஞ்ச நேரம் தணலைப் பார்ப்பார்கள். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. கபிலன் இரண்டு முறை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ஒரு மாமா வேண்டவே வேண்டாம் என்றார். ஒரு சித்தி, இருநூறு வருஷமா அவன் கதையையே நாம கேட்டாச்சு என்றார். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள், எப்போது என்றே தெரியவில்லை.

ஆடு போனது வரை காட்டலாம். அதற்குப் பிறகானது மேடைக்கில்லை. அவர்கள் ஆட்களாக அவர்கள் மட்டும்தான் வரலாம். விசில் ஆன்ட்டி நோர்மா மட்டும்தான் அடிப்பார்.

அப்போ நான் என்று கேட்டேன். டாலியா பதின்மூன்று நாளைக்குப் பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

"நீ ஆடு" என்றாள்.

செப்டம்பர் 4

ஆன்ட்டி நோர்மாவும் வேண்டாம் என்ற அந்த மாமாவும் மிஸ்டர் ப்ரூவரைப் பார்த்தார்கள். அவர் ஏழு முறை தும்மி, எட்டாவது முறை சரி என்றார். பழைய நாடகம் தப்பு என்று வருடா வருடம் தெரியும், யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை என்றாராம். விழாக் குழுவுக்கு அவர் அனுப்பிய கடிதம் ஒரே வரி: வரவேற்புக் காட்சி சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.

தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு வாரத் தண்டனை நினைவிருக்கட்டும் என்றார். மிஸ், நான் வெறும் ஆடு என்றேன்.

செப்டம்பர் 11

மாக்பை பறவைகள் முட்டையிடும் காலம். சைக்கிளில் போகிறவன் மண்டையைக் கொத்துகின்றன. கபிலனின் ஹெல்மெட்டில் பின்பக்கம் இரண்டு கண் வரைந்து கொடுத்தேன். பறவை பயப்படவில்லை. எதிரே வந்த அஞ்சல்காரர் பயந்தார்.

ஒத்திகையில் ஒரு சிக்கல். மற்ற ஆடுகள் சின்ன வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர், கபிலன் உட்பட. அவர்களிடம் ரகசியம் சொன்னால் அன்று மாலையே ஊருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் மேடையை விட்டு எப்படிப் போவார்கள்?

டாலியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஞ்சு ஒட்டும் வேலைக்காகத்தான். சொல்லவே வேண்டாம் என்றாள். தினம் சாயங்காலம் என்ன செய்யுதுவளோ அதையேதான் செய்யும்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கோந்து இரண்டு பேர் கையிலும் காய்ந்து போனது.

செப்டம்பர் 19

ஆலிவருக்குப் பயம். முதல் வரிசையில் அவனுடைய தாத்தா உட்காருவார். நடிக்காமல் விட்டுவிடலாமா என்று டாலியாவைக் கேட்டான். அது உன் இஷ்டம், ஆனா நீ வந்தாத்தான் எங்களால உன்னை விட்டுட்டுப் போக முடியும் என்றாள்.

நாடகத்துக்குப் போர்வை வேண்டும் என்று மிஸ்டர் ப்ரூவர் கேட்டார். எங்கள் மாவுப் போர்வையைக் கொடுத்தேன். அப்பா வருத்தமாக இருக்கிறார். மாவும்.

செப்டம்பர் 20

வரிசையாக எழுதுகிறேன்.

ஊர் மண்டபம் நிறைந்து சுவரோரமும் ஆட்கள். முதல் வரிசையில் நகரத் தலைவர், ஆலிவரின் தாத்தா, தலைமையாசிரியை. திரை விலகியது. பிள்ளைகளைப் பஞ்சு மூட்டைகளாகப் பார்த்ததும் பெற்றோர் எல்லோரும் "ஆ" என்று உருகினார்கள். முன்னால் நான், தலைமை ஆடு. ஆடு என்று சொல்லிவிட்டார்கள், நான் ஆடினேன். கொஞ்சமாகத்தான்.

ஆலிவர் வந்தான், தொப்பியும் பூட்ஸுமாக. ஆற்றைக் கடந்தான். நீலத் துணிதான் ஆறு. கரையேறி, பழைய நாடகத்தில் இருந்த அதே வசனத்தைச் சொன்னான்: நண்பர்களே, உங்களுக்கு ஒரு பரிசு கொண்டுவந்திருக்கிறேன். போர்வையை நீட்டினான்.

யாரும் வரவில்லை.

அவன் நீட்டியபடியே நின்றான். மண்டபத்தில் ஒருவர் இருமினார். யாரோ வசனத்தை மறந்துவிட்டார்கள் போல என்று முதல் வரிசையில் ஒருவர் முனகினார். புளித்த மாவின் வாசனை மெல்ல இரண்டாம் வரிசை வரை போனது. ஆலிவர் அந்தப் பக்கம் திரும்பி நீட்டினான். இந்தப் பக்கம் திரும்பி நீட்டினான். வெறும் மேடை.

அப்போது பால்கனியில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். டாலியாவின் மாமாவும் சித்தியும். கத்தினார்கள். கைகளைத் தட்டி, கம்பியை உதைத்து, அப்படி ஒரு சத்தம். மண்டபத்தின் அத்தனை தலையும் மேலே திரும்பியது. ஆலிவரும் திரும்பினான்.

பின்வாசலில் விசில். கீழே ஒன்று, மேலே இரண்டு, கடைசியில் ஒரு இழுப்பு.

பதினான்கு ஆடுகளும் நிமிர்ந்தன. ஒன்றுகூட யோசிக்கவில்லை. கபிலன் மேடையிலிருந்து குதித்தான், அவன் பின்னால் மற்றதெல்லாம். நடு வழியில் டாலியா நின்றாள், எந்த வேஷமும் இல்லாமல், பள்ளிச் சட்டையில், ஒரு கையை மட்டும் லேசாக அசைத்தபடி. பஞ்சு பறக்கப் பிள்ளைகள் அவளைத் தாண்டி ஓடினார்கள். பை எங்கே, என் பையைக் காணோம் என்று ஒரு குட்டி ஆடு அழுதுகொண்டே ஓடியது. வாசலுக்கு வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கடைசியாக ஏறினேன். டாலியா கதவைச் சாத்தினாள். ஆன்ட்டி நோர்மா வண்டியை எடுத்து மண்டபத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிள்ளைகள் ஜன்னல் வழியே தங்கள் பெற்றோருக்கு டாட்டா காட்டினார்கள்.

உள்ளே நடந்ததை அம்மா சொல்லித் தெரியும். ஆலிவர் திரும்பிப் பார்த்தான். மேடையில் ஒரு ஆடுகூட இல்லை. போர்வையைத் தரையில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எப்ரைம் ஹாலோவேயின் டைரி என்று சொல்லி வாசித்தான்: ஆடுகள் இல்லை. நாயும் இல்லை. விளக்கு அணைந்தது.

பிறகு பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாளாம். ஏளனமாக இல்லை, இவ்வளவு நாள் தெரியாமப் போச்சே என்கிற சிரிப்பு என்றாள் அம்மா. அது பரவியது. கைதட்டினார்கள். எல்லோரும் இல்லை. நகரத் தலைவர் தட்டவில்லை. நான்கு குடும்பங்கள் எழுந்து போய்விட்டன, போய், தங்கள் பிள்ளைகள் பேருந்தில் இருப்பது நினைவு வந்து திரும்பி வந்தன. ஆலிவரின் தாத்தா தட்டவுமில்லை, போகவுமில்லை. மேடையில் கிடந்த போர்வையையே பார்த்தாராம்.

நாங்கள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம். ஆன்ட்டி நோர்மா மேடையில் ஏறி மைக்கைத் தட்டினார். இதுக்கு அப்புறம் நடந்தது இங்க சொல்லுறதில்ல, என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில ஆத்து வளைவுல நாங்க கூடுவோம், வருஷா வருஷம் கூடுறதுதான். இந்தத் தடவ வர்றவங்க வரலாம்.

தலைமையாசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். இது உன் வேலையா என்றார். தலையில் இன்னும் காது இருந்தது எனக்கு.

"இல்ல மிஸ்" என்றேன். "இது அவங்க வேலை. ஆரம்பிச்சு இருநூறு வருஷமாச்சு."

முதல் முறையாக நான் சொன்னது அப்படியே உண்மை. அவருக்கும் அது தெரிந்தது போல. காதைக் கழற்று என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 22

ஆற்று வளைவு. மஞ்சள் வாட்டில் பூ கரை முழுக்க. நாற்பது பேர் இருப்போம். மிஸ்டர் ப்ரூவர் வந்தார், பூந்தாதுக்கு நடுவில் நின்றும் ஒருமுறைகூடத் தும்மவில்லை. எப்படி அடக்கினாரோ. ஆலிவர் வந்தான். அவன் தாத்தா சாலையிலேயே வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

திரும்பி வராதவர்களின் பெயர்கள் சொன்னார்கள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு நடந்ததைச் சொன்னார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே கேட்டதை எழுத மாட்டேன். சொன்னார்கள். கொடுக்கவில்லை.

எப்ரைம் ஹாலோவே பதினொரு நாள் எழுதாமல் விட்டதும், நான் இன்று எழுதாமல் விடுவதும் ஒன்றில்லை.

செப்டம்பர் 27

பருவம் முடிந்தது. தண்டனையும் முடிந்தது. தலைமையாசிரியை டைரியை வாங்கி, இந்த முறை நேராகப் பிடித்து, ஒரு பக்கத்தையாவது மொழிபெயர்த்துச் சொல்லேன், ரொம்ப நாளாக ஆசை என்றார்.

இதில் வருகிறவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் மிஸ் என்றேன்.

பேருந்தில் என் பைக்கு அந்தப் பக்கம் ஓரமாக உட்கார்ந்த டாலியாவுக்கு முழுக்க இங்கிலீஷில் படித்துக் காட்டினேன். முன்னிருக்கை, வெயில், ஆப்பிள் எல்லாம். அந்த இடத்தில் அவள் எதிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். பிறகு, இந்த டைரியில் நீ தென்காசித் தமிழ் பேசுகிறாய் என்றேன், உன்னைக் கேட்காமல் ஜூலையிலிருந்து பேச வைத்திருக்கிறேன் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் என்ன பேசுதேன்னு பேசிக் காட்டு, என்றாள். காட்டினேன். இன்னொரு தடவை என்றாள். முன்னால் ஆன்ட்டி நோர்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். பதினேழு முறை கேட்டாள். கடைசியில் வாயைக் கோணி, நாக்கை மடித்து, எனக்கு முழங்கையால் ஒரு இடி கொடுத்து அவளே சொன்னாள், தமிழில்:

"ஏட்டி, தள்ளி உக்காரு."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.